காந்தம் தீர்ந்துபோகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு என்பதை உலகம் அறிந்து இருநூறு ஆண்டுகள் சற்றே கடந்திருக்கின்றன. 1820ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஓயர்ஸ்டெட் என்னும் பேராசிரியர் மாணவர்கள் முன் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். மின்னோட்டம் சென்ற கம்பிக்கு அருகிலிருந்த காந்த ஊசி அப்போது விலகியது. செப்டம்பரில் இச்செய்தி பாரிசை எட்டியது. சில வாரங்களுக்குள்ளேயே ஆம்பியர், காந்தமே இல்லாமல், மின்னோட்டம் செல்லும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்யும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு இலண்டனில் மைக்கேல் பாரடே, பாதரசக் கிண்ணத்தில் நிறுத்திய ஒரு காந்தத்தைச் சுற்றி, மின்னோட்டம் செல்லும் கம்பியை ஓயாமல் சுழல வைத்தார். இன்றைய மின்விசிறிக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் முப்பாட்டன் அந்தக் கிண்ணந்தான்.

பாரடே ஒரு கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடைக்கு வேலை பழகப் போனவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். அவருடைய குறிப்பேடுகளில் கணிதச் சமன்பாடுகளைக் காண்பது அரிது என்று எங்கள் வகுப்பில் பேராசிரியர் சொன்னபோது, என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனித்தேன். ஆனால் சமன்பாடு வேண்டாம் என்பது என் கட்சியன்று. இக்கட்டுரையில் இரண்டே இரண்டு சமன்பாடுகள் வரும். அவ்விரண்டும் சேர்ந்து ஒரு வீட்டுக் கேள்விக்கு எப்படி விடை தந்தன என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒலிபெருக்கியின் உள்ளே

மின்னோட்டம் செல்லும் கம்பிச்சுருளும் நிலைக்காந்தமும் ஒன்றோடொன்று உறவாடுவதைக் காண ஒலிபெருக்கியைவிட நல்ல கருவி இல்லை என்பது என் எண்ணம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து தொடங்குகின்றன. மோட்டாரில் திசைமாற்றி, தூரிகை, சுழற்சி என்று பல சங்கதிகள் குறுக்கிட்டு அடிப்படையை மறைத்துவிடுகின்றன. ஒலிபெருக்கியில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு சுருள், ஒரு காந்தம், முன்னும் பின்னும் ஓர் அசைவு. அவ்வளவுதான்.

பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். பின்புறம் கருப்பாக, தடித்த வளையல் போல் இருப்பது பெரைட் காந்தம். அதன் இரு முகங்களிலும் இரும்புத் தகடுகள். வளையத்தின் நடுவில் ஓர் இரும்புத் தண்டு. மேல்தகட்டின் துளைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே வட்டமான இடைவெளி. காந்தப்புலம் முழுவதையும் இரும்பு வாங்கிக் கொண்டுவந்து இந்த ஒடுங்கிய சந்தில் கொட்டுகிறது. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் போல, புலக்கோடுகள் தண்டிலிருந்து நாலாபுறமும் விரிகின்றன. இந்தச் சந்துக்குள் எதையும் தொடாமல் மிதப்பதுதான் வாய்ஸ் காயில் எனப்படும் சுருள். காகிதக் கூம்பு அதனோடு ஒட்டப்பட்டிருக்கிறது.

சுருளின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும் அங்கே கம்பி வட்டத்தின் வழியாக ஓடுகிறது, புலம் ஆரத்தின் வழியாகச் செல்கிறது, இரண்டும் செங்குத்து. பிளெமிங்கின் இடக்கை விதிப்படி விசை இரண்டுக்கும் செங்குத்தாக, அதாவது முன்னோக்கியோ பின்னோக்கியோ அமையும். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே திசை. ஆகவே ஒரு பகுதியின் விசையை இன்னொரு பகுதி கெடுப்பதில்லை. மின்னோட்டத்தின் திசை மாறினால் விசையின் திசையும் மாறும். இனி முதல் சமன்பாடு:

விசை = காந்தப்புலம் × கம்பியின் நீளம் × மின்னோட்டம்.

எண்களை இட்டுப் பார்த்தால்தான் இதன் வலிமை தெரியும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுருளில் 60 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் சுமார் 4.7 மீட்டர். சந்திலுள்ள புலம் 1 டெஸ்லா. 1 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால் விசை 4.7 நியூட்டன். ஏறத்தாழ 480 கிராம் பொருளின் எடை. அரைக் கிலோ சர்க்கரையைத் தூக்கும் விசை! கூம்பும் சுருளும் சேர்ந்து 10 கிராம் இருந்தால், அவற்றின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 48 மடங்கு. காகிதம் ஒரு நொடியில் ஆயிரம் தடவை திசைமாறி அதிர முடிவது இதனால்தான்.

இவ்வடிவத்தை இன்றைக்கு நாம் அறிந்தவாறு நிலைநிறுத்தியவர்கள் அமெரிக்காவின் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர். ஆண்டு 1925. ஆனால் அக்காலத்தில் நல்ல நிலைக்காந்தங்கள் கிடைக்கவில்லை. பின்னால் இன்னொரு பெரிய சுருளை வைத்து, அதற்குத் தனியே மின்னோட்டம் கொடுத்து, மின்காந்தமாக்கித்தான் பயன்படுத்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொன்னதும் அப்பா கேட்டதும்

என் தந்தை மைக்செட் தொழிலாளி. கோயில் கொடையிலிருந்து காதுகுத்து வரை சுற்றுவட்டாரத்தில் குழாய் கட்டுவதும் பாட்டுப் போடுவதும் அவர் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் காயில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, டார்ச் விளக்கின் செல் ஒன்றை யூனிட்டின் இரு முனைகளிலும் தொட்டுத் தொட்டு எடுப்பார். “டக், டக்” என்று சத்தம் வந்தால் காயில் நன்றாயிருக்கிறது. பெரிய ஸ்பீக்கரானால், செல்லை வைத்ததும் கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பார்த்து, முனைகளில் சிவப்பு அடையாளம் இடுவார். இரண்டு ஸ்பீக்கர்களை அருகருகே வைக்கும்போது ஒன்று முன்னே வரும் நேரத்தில் மற்றது பின்னே போனால் அடித்தொனி எடுபடாது என்பது அவருக்குப் பழக்கத்தில் தெரியும். பிளெமிங் விதியை அவர் படித்ததில்லை. விதிதான் அவர் கையில் இருந்தது.

சென்ற ஆண்டுத் திருவிழா ஒன்றில் இரவு முழுவதும் ஓடிய குழாய் யூனிட் ஒன்று விடியற்காலையில் ஊமையாகிவிட்டது. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் கையில் வாங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இதுல காந்தம் தீர்ந்துபோச்சுண்ணே. பத்து வருஷமா சத்தம் குடுத்திருக்குல்ல? பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டார். யூனிட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அப்பா, திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, “ஏம்மா, நீதான் இதைப் படிக்கிறியே, காந்தம் தீர்ந்துபோகுமா?” என்று கேட்டார்.

எங்கள் ஊரில் இந்த நம்பிக்கை பரவலானது. பேட்டரி தீர்வதைப் போல, மோட்டாரிலும் ஸ்பீக்கரிலும் உழைத்து உழைத்துக் காந்தம் இளைத்துவிடும் என்கிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. கூம்பைத் தள்ளுவது காந்தந்தானே? தள்ளுவது வேலையன்றோ? வேலை செய்தால் ஆற்றல் செலவாக வேண்டுமே? இதை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆற்றல் அழிவின்மை விதியை உள்ளத்தில் உணர்ந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். கேள்விக்கு நேரான விடை வேண்டும். ஆற்றலை யார் கொடுக்கிறார்? அதை யார் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்?

இரண்டாவது சமன்பாடு

பாரடே மறுபடியும் வருகிறார். 1831 அக்டோபரில், உள்ளீடற்ற ஒரு கம்பிச்சுருளுக்குள் சட்டக்காந்தம் ஒன்றை வேகமாக நுழைத்தார். சுருளோடு இணைத்திருந்த கால்வனாமீட்டரின் ஊசி விலகியது. காந்தம் நின்றதும் ஊசியும் திரும்பிவிட்டது. வெளியே இழுத்தபோது எதிர்ப்புறம் விலகியது. காந்தம் அருகில் இருப்பதால் மட்டும் மின்சாரம் பிறப்பதில்லை, அசைவு வேண்டும். சுருள் அசைந்தாலும் காந்தம் அசைந்தாலும் ஒன்றே. நமது ஒலிபெருக்கிக்கு இதைப் பொருத்தினால்:

தூண்டப்படும் மின்னியக்கு விசை = காந்தப்புலம் × கம்பியின் நீளம் × சுருளின் திசைவேகம்.

முதல் சமன்பாட்டில் இருந்த அதே காந்தப்புலம், அதே நீளம். மின்னோட்டத்தைக் கொடுத்தால் விசை வருகிறது. வேகத்தைக் கொடுத்தால் மின்னழுத்தம் வருகிறது. சுருளும் காந்தமும் இருவழிப் பாதை. இதைக் கண்ணால், இல்லை, காதால் அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை எடுத்து இரண்டு கம்பிகளால் இணைத்துவிடுங்கள். பேட்டரி வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். ஒன்றின் கூம்பை விரலால் தட்டினால் மற்றதில் சத்தம் கேட்கும். ஒன்றில் வாய் வைத்து உரக்கப் பேசினால் மற்றதைக் காதோடு ஒட்டி வைத்திருப்பவருக்கு மெலிதாகக் கேட்கும். எங்கள் வீட்டில் அப்பாவை அடுத்த அறையில் உட்கார வைத்து இதைச் செய்து காட்டினேன். “அப்போ மைக்கும் ஸ்பீக்கரும் ஒண்ணுதானா?” என்றார். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை உண்மையில் மிகச் சிறிய ஒலிபெருக்கிகளே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒலிபெருக்கிக்கு நாம் மின்னோட்டம் கொடுக்கிறோம். அதனால் சுருள் அசைகிறது. அசைந்தவுடன் இரண்டாவது சமன்பாடும் விழித்துக்கொள்கிறது. அசையும் சுருளில் ஒரு மின்னியக்கு விசை தோன்றுகிறது. அது எந்தப் பக்கம்? 1834இல் லென்ஸ் சொன்ன விதி இதற்குத்தான்: தன்னைத் தோற்றுவித்த காரணத்தை எதிர்க்கும் பக்கம். ஆகவே நாம் அனுப்பும் மின்னோட்டத்துக்கு எதிராக நிற்கும். இதை எதிர் மின்னியக்கு விசை என்கிறோம். ஆம்ப்ளிஃபயர் இந்த எதிர்ப்பை மீறி மின்னோட்டத்தைத் தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளுவதற்கு ஆகும் செலவே கூம்பு பெறும் ஆற்றல்.

மேலே எடுத்துக்கொண்ட சுருளையே பார்ப்போம். ஒரு கணத்தில் அதன் மின்னோட்டம் 1 ஆம்பியர், வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்றால், கூம்பு பெறும் திறன் விசை பெருக்கல் வேகம்: 4.7 × 0.5 = 2.35 வாட். அதே கணத்தில் எதிர் மின்னியக்கு விசை 1 × 4.7 × 0.5 = 2.35 வோல்ட். அதை மீறி 1 ஆம்பியரைச் செலுத்த ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் திறன் 2.35 × 1 = 2.35 வாட். ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. எண்கள் தற்செயலாக ஒத்துப்போகவில்லை. இரு சமன்பாடுகளிலும் புலமும் நீளமும் ஒன்றேயாதலால் எந்த எண்ணைப் போட்டாலும் இப்படித்தான் வரும். முதல் சமன்பாட்டை வேகத்தாலும் இரண்டாவதை மின்னோட்டத்தாலும் பெருக்கிப் பாருங்கள். வலப்பக்கம் இரண்டும் ஒரே கோவை.

கணக்கில் காந்தத்தின் பெயரில் பற்று எழுத இடமே இல்லை. கூம்பு பெற்றது முழுவதும் ஆம்ப்ளிஃபயர் கொடுத்தது. காந்தம் நடுவில் நிற்கும் தரகர் போன்றது. ஒரு கையில் வாங்கி மறுகையில் கொடுக்கிறது, தரகுகூட எடுப்பதில்லை. ஒரு ஆணியைக் காந்தம் இழுத்துக்கொள்கிறதே, அது வேலையில்லையா என்று கேட்கலாம். அது ஒரே ஒரு தடவைதான். அடுத்த தடவை இழுக்க வேண்டுமானால் ஆணியை நாம் பிய்த்தெடுக்க வேண்டும். பிய்ப்பதற்கு நாம் செலவிடுவது, இழுத்தபோது கிடைத்ததற்கு ஈடாகிவிடும். கிணற்றில் வாளி விழுந்ததற்காகப் பூமியின் ஈர்ப்பு தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் யூனிட் ஏன் ஊமையானது?

நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அனுமதி பெற்று அந்த யூனிட்டை மல்டிமீட்டரில் வைத்தேன். ஓம் அளவில் முள் இம்மியும் அசையவில்லை. சுற்று அறுந்திருக்கிறது. (முள் வைத்த மல்டிமீட்டரே காந்தத்துக்கு நடுவில் தொங்கும் ஒரு சுருள்தான். ஒரு காயில் இறந்த செய்தியை இன்னொரு காயில் சொன்னது!) பின்மூடியைக் கழற்றியபோது டயபிரத்தில் சுற்றியிருந்த மெல்லிய கம்பி ஓரிடத்தில் கருகி அறுந்திருந்தது. காந்தமோ, அருகில் கொண்டுபோன திருப்புளியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. டயபிரம் மட்டும் தனியாகக் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டியதும் யூனிட் பாடியது. புதிய யூனிட் வாங்க வேண்டிய பணம் மிஞ்சியது. அது என் அடுத்த பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு உதவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பி ஏன் கருகியது என்பதும் கணக்குத்தான். நாம் எடுத்துக்கொண்ட 4.7 மீட்டர் தாமிரக் கம்பியின் மின்தடை 6 ஓம் என்றால், அதன் விட்டம் 0.13 மில்லிமீட்டர். தாமிரத்தின் மொத்த நிறை அரைக் கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவே! அதில் 2 ஆம்பியர் சென்றால் வெப்பமாகும் திறன் 24 வாட். அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் கம்பியின் வெப்பநிலை நொடிக்கு நூறு டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும். நல்லவேளையாக, சந்தின் இருபுறமும் உள்ள இரும்பு மிக அருகில் நின்று வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் இரவு முழுதும் ஆம்ப்ளிஃபயரை முழு அளவில் கத்தவிட்டால் இரும்பும் சூடேறிவிடும். ஒலிபெருக்கிக்குள் போகும் மின்திறனில் பெரும்பங்கு ஒலியாவதில்லை, வெப்பமாகத்தான் போகிறது. சாதாரணக் கூம்பு ஸ்பீக்கரில் ஒலியாக வெளிவருவது நூற்றில் சில பங்குதான்.

அசைவு நின்றுபோனால் ஆபத்து இன்னும் கூடும். இதற்கு மோட்டாரே நல்ல எடுத்துக்காட்டு. நிலைக்காந்தம் வைத்த சிறிய நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்றின் சுருளின் மின்தடை 2 ஓம், பேட்டரி 6 வோல்ட் என்று கொள்வோம். மோட்டார் ஓடும்போது எதிர் மின்னியக்கு விசை 5 வோல்ட் எழுந்தால், மின்னோட்டத்தைச் செலுத்த எஞ்சுவது 1 வோல்ட். ஆகவே மின்னோட்டம் அரை ஆம்பியர். பேட்டரி தரும் 3 வாட்டில் அரை வாட் வெப்பம், இரண்டரை வாட் வேலை. இப்போது அச்சைக் கையால் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். வேகம் சுழி, எதிர்ப்பும் சுழி. மின்னோட்டம் 3 ஆம்பியராகிவிடும். 18 வாட்டும் சுருளிலேயே வெப்பம். வேலை செய்யும் மோட்டாரைவிட வேலை செய்யாமல் சிக்கி நிற்கும் மோட்டார் முப்பத்தாறு மடங்கு சூடாகிறது! அப்பாவிடம் இதைச் சொன்னபோது, பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் சிக்கி நின்றால் மாட்டுக்கு மூச்சு வாங்குவதை உவமையாகச் சொன்னார். முழுவதும் சரியான உவமை அன்று, ஆனாலும் வைத்துக்கொள்ளலாம்.

நிலைக்காந்தம் என்னும் அதிசயம்

காந்தத்தின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆம்பியர் ஓர் ஊகம் செய்தார். சுருளில் மின்னோட்டம் சென்றால் அது காந்தமாகிறது. அப்படியானால் காந்தத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டச் சுற்றுகள் இருக்க வேண்டும் என்றார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் சொன்ன சொல் இது. எலக்ட்ரானின் தற்சுழற்சியால் அமையும் காந்தத் திருப்புத்திறனே இரும்பின் காந்தத்தன்மைக்கு முதற்காரணம் என்று இன்று அறிவோம். கோடிக்கணக்கான அணுக்களின் திருப்புத்திறன்கள் ஒரே திசையில் அணிவகுத்தால், உள்ளேயுள்ள சிறு சுற்றுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, வெளி விளிம்பைச் சுற்றி ஒரு மின்னோட்டம் ஓடுவதற்குச் சமமாகிறது.

அந்த விளிம்பு மின்னோட்டம் எவ்வளவு தெரியுமா? ஒலிபெருக்கியில் இருக்கும் பெரைட் வளையத்தின் எஞ்சிய காந்தப்புலம் 0.4 டெஸ்லா, தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர் என்று கொண்டால், அது சுமார் 4,800 ஆம்பியர் சுற்றுவதற்குச் சமம். 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தமானால், ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கே 9,500 ஆம்பியர். மின்தடை இல்லை, சூடு இல்லை, மின்கட்டணம் இல்லை. 1925இல் தனிச் சுருள் ஒன்றுக்கு இரவும் பகலும் மின்சாரம் ஊட்டிச் செய்ததை இந்தக் கருப்பு வளையல் சும்மா கிடந்து செய்கிறது. 1931இல் ஜப்பானின் மிஷிமா உருவாக்கிய இரும்பு–நிக்கல்–அலுமினியக் கலவையும், 1950களில் வந்த பெரைட்டும் இல்லாதிருந்தால், கையடக்க வானொலி நம் திண்ணைகளுக்கு வந்திருக்காது.

நமது வாய்ஸ் காயிலோ 60 சுற்றுகளில் 2 ஆம்பியர், ஆக 120 ஆம்பியர்–சுற்று. காந்தத்தின் 4,800க்கு முன் இது நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் மாறுமின்னோட்டம், ஒரு கணம் துணைபோனால் மறுகணம் எதிர்க்கிறது. பத்தாண்டுகள் பாடினாலும் இந்தச் சுருளால் அந்த அணிவகுப்பைக் கலைக்க முடியாது.

காந்தம் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. அணிவகுப்பைக் கலைக்க வழிகள் உண்டு. அளவுமீறிய வெப்பம் ஒன்று. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் நம்பத்தக்கதன்று. பெரைட்டின் புலம் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.2 பங்கு குறையும், ஆனால் ஆறியதும் மீளும். வலிய எதிர்ப்புலம் மற்றொன்று. பழைய எஃகுக் காந்தங்கள் ஓங்கித் தட்டினாலே இளைத்துவிடும். அதனால்தான் ஆய்வுக்கூடத்துச் சட்டக்காந்தங்களை இணையாக வைத்து, முனைகளில் தேனிரும்புத் துண்டுகளை ஒட்டிப் பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள். காந்தம் தீரும் என்னும் நம்பிக்கை இந்தப் பழைய எஃகுக் காந்தங்களின் காலத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அவையும் உழைப்பால் தீர்ந்ததில்லை. அடியாலும் சூட்டாலும்தான் கெட்டன.

கால்வனாமீட்டரில் ஒரு சாவி

இதே இருவழிப் பாதையை நம் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். பலர் அதைக் கவனிப்பதில்லை. இயங்கு சுருள் கால்வனாமீட்டரை 1882இல் பிரான்சு நாட்டின் தார்சொன்வால் அமைத்தார். குழிந்த காந்த முனைகளுக்கு நடுவே, தேனிரும்பு உருளையைச் சுற்றி, செவ்வகச் சுருள் ஒன்று பாஸ்பர் வெண்கல இழையில் தொங்குகிறது. முனைகள் குழிந்திருப்பதால் சுருள் எப்பக்கம் திரும்பினாலும் அதன் தளத்திலேயே புலம் அமைகிறது. எனவே திருப்பும் இரட்டை மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இழையின் முறுக்கு அதை எதிர்க்கிறது. விலகலைப் பார்த்து மின்னோட்டத்தை நேராகப் படிக்கிறோம். இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

பாலிஸ்டிக் கால்வனாமீட்டரில் சோதனை செய்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். மின்னூட்டம் ஒரு கணத்தில் பாய்ந்ததும் சுருள் ஆடத் தொடங்கும். ஒளிப்புள்ளி அளவுகோலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊஞ்சலாடும். முதல் விலகலைக் குறித்தாயிற்று. அடுத்த அளவீட்டுக்கு அது நிற்க வேண்டும். நிற்காது. ஆட்டம் எளிதில் அடங்கக்கூடாது என்பதற்காகவே அதன் சுருளை உலோகமல்லாத சட்டத்தில் சுற்றியிருக்கிறார்கள். உலோகச் சட்டமாக இருந்தால் அதிலேயே சுழல் மின்னோட்டம் தோன்றி ஆட்டத்தைப் பிடித்துவிடும்; முள் வைத்த சாதாரண அம்மீட்டரில் இலேசான அலுமினியச் சட்டம் வைப்பது அதற்காக.

கால்வனாமீட்டரின் இரு முனைகளையும் குறுக்காக இணைக்கும் சாவியை ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒரு தட்டுத் தட்டுவார். ஆட்டம் உடனே அடங்கிவிடும். சாவியில் மின்கலம் கிடையாது. அவர் வெளியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. சுருள் காந்தப்புலத்தில் ஆடுவதால் அதில் மின்னியக்கு விசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. வழி திறந்திருந்தவரை மின்னோட்டம் ஓட இடமில்லை. சாவியை அழுத்தியதும் வழி மூடி, மின்னோட்டம் ஓடி, லென்ஸ் விதிப்படி தன் ஆட்டத்தைத் தானே தடுக்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் கம்பியில் வெப்பமாகிப் போகிறது.

எந்தக் கணத்தில் தட்டுவது என்பதிலும் கைத்திறம் உண்டு. ஒளிப்புள்ளி சுழியைக் கடக்கும்போது தட்ட வேண்டும். அங்கேதான் வேகம் மிகுதி, ஆகவே தடுப்பும் மிகுதி. அந்த இடத்திலேயே நிற்கும். கோடியில் இருக்கும்போது தட்டிப் பிடித்தால், தடுப்பு மிகையாகி, சுருள் சேற்றில் நடப்பதுபோல் நகர்ந்து நகர்ந்துதான் சுழிக்கு வரும். எங்கள் அணியில் நால்வரும் இரண்டு சோதனைகளுக்குள் இந்தத் தாளத்தைப் பழகிக்கொண்டோம். பெரிய பேஸ் ஸ்பீக்கர் ஒன்றின் முனைகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டுக் கூம்பைத் தட்டிப் பார்த்தால் இதே தடுப்பைக் கேட்கலாம். இணைக்காமல் தட்டினால் ‘தும்ம்’ என்று இழுக்கும். இணைத்துத் தட்டினால் ‘தப்’ என்று நின்றுவிடும். அப்பா இப்போது பழைய ஸ்பீக்கர் விலைக்கு வந்தால் டார்ச் செல்லோடு இந்தச் சோதனையையும் செய்கிறார். சத்தம் அடங்கினால் காயிலும் நன்று, காந்தமும் நன்று.

நுண்ணிய கால்வனாமீட்டரை ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னோர் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிச் செல்லும்போது அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுத் தாமிரக் கம்பியால் இணைத்துவிடுவது வழக்கம். வழியில் எவ்வளவு குலுங்கினாலும் சுருள் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், இழை அறாது. இணைக்கும் அந்தக் கம்பி எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவிப் பெட்டியின் மூடியிலேயே ஒரு நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது.